டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்: 64 ஜிபிக்குள் எதைக் காப்பாற்றுவது?

கேட்டவர், திருமங்கலம்
வணக்கம். 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வாங்கி எட்டு வருசம் ஆகிறது. நேற்றிலிருந்து செருகினாலே டிக் டிக் என்று சத்தம். ஒரு ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது. உள்ளே 400 ஜிபி இருக்கும். தங்கச்சி கல்யாண வீடியோ வெட்டாமல் கொடுத்தது மட்டும் 210 ஜிபி, எடிட் செய்தது 9 ஜிபி. மீதி சினிமா, சித்திரைத் திருவிழா வீடியோக்கள், பத்திர ஸ்கேன், மார்க் ஷீட், அப்பா இருந்தபோது எடுத்தவை. கையில் இருப்பது 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று. கூகுளில் 15 ஜிபியில் 11 ஏற்கெனவே நிறைந்துவிட்டது. லேப்டாப்பில் 12 ஜிபிதான் காலி. புது டிஸ்க் அடுத்த மாதச் சம்பளத்தில்தான். எதை எடுக்க, எதை விட?

பழங்காநத்தம், சர்வீஸ் கடை
தம்பி, முதலில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் உள்ளே தகவலைப் படிக்கும் முனை (ஹெட்) தடுமாறுவது. செருகி வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸில் டிஸ்க் கோளாறைப் பார்க்கும் செக் டிஸ்க்கும் ஓட்ட வேண்டாம், டிஸ்க்கை மேலும் வேலை வாங்கி இருக்கிற உயிரையும் எடுத்துவிடும். ஞாபகத்தில் இருப்பதைத் தாளில் எழுதி, வரிசை போட்டுவிட்டு அப்புறம் செருகுங்கள்.

சினிமாவை விடுங்கள். ஆதார் டிஜிலாக்கரில் கிடைக்கும், மார்க் ஷீட்டும் அநேகமாகக் கிடைக்கும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசுத் தளத்தில் திரும்ப எடுக்கலாம். பத்திர ஸ்கேன் சின்னதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு எடிட் செய்த 9 ஜிபி போதும்.

செல்லூர்
அழகர் ஆற்றில் இறங்குவதை ஊரே எடுத்திருக்கும் தம்பி. அதில் உங்கள் அப்பா தெரிகிற துண்டு வேறு யாரிடமும் இருக்காது. அதை முதல் வரியில் எழுதுங்கள். குரல் இருந்தால் அதற்கும் முன்னால். எங்கள் அம்மா போட்டோ இரண்டாயிரத்துக்கு மேல் பத்திரமாக இருக்கிறது. குரல் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் மட்டும்தான் இருந்தது. போன் தண்ணீரில் விழுந்ததோடு போய்விட்டது. "சாப்ட்டியாம்மா"ன்னு கேட்பார்கள், அவ்வளவுதான். ஒரு நிமிட வாய்ஸ் நோட் அரை எம்பி கூட வராது. அந்த ஃபோல்டரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கேட்டவர்
வரிசைப்படி எடுத்தேன். அப்பா இருப்பவை, வாய்ஸ் நோட், பத்திரம் எல்லாம் சேர்த்து 7 ஜிபி, வந்துவிட்டது. கல்யாண வீடியோ மட்டும் ஃபைல் பெரிது என்று நிற்கிறது. பென்டிரைவில் 50 ஜிபிக்கு மேல் காலி.

பழங்காநத்தம், சர்வீஸ் கடை
பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. எடுத்த 7 ஜிபியை லேப்டாப்புக்கு மாற்றி, திறந்து பார்த்து உறுதி செய்துவிட்டு, பெரிய ஃபைலும் ஏறுகிற எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். அவசரத்தில் முதலில் ஃபார்மட் போட்டு அந்த 7 ஜிபியை அழித்துவிடாதீர்கள்.

கேட்டவர்
ஆமாம் அண்ணே, கார் ஸ்டீரியோவுக்காக அப்படி ஃபார்மட் செய்தது. மாற்றியதும் 9 ஜிபியும் ஏறிவிட்டது. வெட்டாத வீடியோவுக்குப் போனபோது டிஸ்க் நின்றுவிட்டது, திரும்பச் செருகவில்லை.

செல்லூர் அக்கா, நீங்கள் சொன்ன துண்டு கிடைத்தது. 40 விநாடி, 85 எம்பி. அழகர் இறங்கும்போது அப்பா துருத்தியை, அந்தத் தோல் தண்ணீர்ப் பையை, தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறார். "டேய், தள்ளி நில்லு, போன் நனைஞ்சுரும்" என்கிறார். பென்டிரைவ், லேப்டாப், கூகுள் மூன்றிலும் போட்டுவிட்டேன். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினேன். இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.