கையில் இரண்டு ஏஸ் வந்தால் எவ்வளவு பெட் வைப்பது?

பர்கூர் சீட்டுக்கட்டு:
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறேழு பேர் டெக்ஸாஸ் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழுகிற போக்கர்) ஆடுகிறோம். காசு கிடையாது, ஆளுக்கு 100 புளியங்கொட்டை, அதுதான் சிப்ஸ், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயம் வைக்கும் பிளைண்டில் சின்ன பிளைண்டு 1, பெரிய பிளைண்டு 2. எனக்குச் சிக்கலே நல்ல சீட்டு வரும்போதுதான். இரண்டு ஏஸ் வந்து பெரிதாக ஏற்றினால் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள், பிளைண்டில் கிடக்கும் மூன்று கொட்டைதான் கைக்கு வரும். சரி, சும்மா 2 வைத்து உள்ளே போவோம் என்றால் ஐந்து பேர் கூடவே வருகிறார்கள், கடைசியில் 7-4 வைத்திருந்தவர் இரண்டு ஜோடி காட்டி அள்ளிக்கொண்டு போகிறார். பலமான கைக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

பாலக்கோடு தக்காளி:
இருக்கிறது தம்பி. முதலில் அந்த சும்மா உள்ளே போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். எதிரில் ஒரே ஆள், ஏதோ இரண்டு சீட்டு என்றால் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். அதே ஏஸ், எதிரில் ஐந்து பேர் கடைசிவரை வந்தால் 49 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த 7-4 உங்களை அடித்தது கெட்ட நேரம் இல்லை, அவரை 2 கொட்டைக்கு உள்ளே விட்டதன் விலை அது.

இப்போது கணக்கு. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் 2 வைத்து வந்திருந்தால் 10க்கு ஏற்றுங்கள் (பெரிய பிளைண்டைப்போல் மூன்று மடங்கு, அப்புறம் ஏற்கெனவே வந்த ஒவ்வொருவருக்கும் இன்னும் 2). அவர்களில் ஒருவர் மட்டும் கால் பண்ணினார் (அதே 10ஐ வைத்துத் தொடர்ந்தார்) என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 25 இருக்கும் (இருவரின் 10, கவிழ்த்தவர் விட்ட 2, பிளைண்டு 3), உங்களிடமும் அவரிடமும் 90. இனி மூன்று சுற்று, ஃப்ளாப் (நடுவில் முதல் மூன்று சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது). ஒவ்வொன்றிலும் நடுவில் இருப்பதில் பாதியை வைத்துக்கொண்டே போங்கள்: ஃப்ளாப்பில் 12, அவரும் வைத்தால் பாட் (நடுவில் சேர்ந்தது) 49 ஆகும். டர்னில் 25, பாட் 99. மிச்சம் உங்களிடம் 53, அதுவும் கிட்டத்தட்ட பாதிதான், ரிவரில் அப்படியே தள்ளிவிடலாம். எங்கேயும் மிரட்டுகிற மாதிரி பெட் இல்லை, ஆனால் அவருடைய 90ம் உள்ளே வந்துவிடுகிறது. அதே இடத்தில் ஃப்ளாப்பை செக் பண்ணிவிட்டால் (பெட் வைக்காமல் விட்டால்) 12, 25 என்று இரண்டு பெட்தான், மொத்தம் 37. ஒரே ஒரு செக்குக்கு 53 கொட்டை போகிறது. பாட் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது என்பதால் முதல் பெட்டை விட்டால் கடைசி பெட்தான் காணாமல் போகும், அதுதான் பெரிய பெட்.

எல்லாரும் கவிழ்க்கிறார்கள் என்றீர்களே, அதற்குக் காரணம் 10 என்ற தொகை இல்லை. நீங்கள் ஏற்றினாலே ஏஸ் என்று அந்த மேஜைக்குத் தெரிந்துவிட்டது. ஏஸ்-ராணி, 8-8, ஒரே ஜாதியில் 10-9 இவற்றுக்கும் அதே அளவு ஏற்றுங்கள். கொஞ்ச நாளில் கால் தானாக வரும்.

அஞ்செட்டி வாசி:
அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் எப்போதும் பெட் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கையில் K-K, ஃப்ளாப்பில் K-4-4 விழுந்தால் எதிராளியிடம் என்ன இருக்கப் போகிறது? அவரை மிரட்டக்கூடாது, ஒரு சீட்டு சும்மா கொடுத்து ஏதாவது ஜோடி பிடிக்க விட வேண்டும். 1988 உலக போக்கர் தொடர் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஜானி சான் கையில் J-9, ஃப்ளாப்பில் Q-10-8, ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) அங்கேயே முடிந்துவிட்டது. எதிரில் ஆடிய எரிக் சைடல் கையில் ஒரு Q. சான் ஏற்றவே இல்லை, ரிவரிலும் செக், சைடல் தானாகவே எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். பட்டம் சானுக்கு. ஆனால் கவனியுங்கள், எதிரில் ஒரே ஆள், சானிடம் இருந்தது அந்த மேஜையில் அமையக்கூடிய மிகப் பெரிய கை, எதிராளியிடம் அவராகவே பெட் வைக்கிற அளவுக்கு ஒரு ஜோடி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒளித்து ஆடுங்கள். வெறும் ஏஸ் ஜோடியை ஐந்து பேருக்கு எதிராக ஒளிக்காதீர்கள்.

பர்கூர் சீட்டுக்கட்டு:
ரொம்ப நன்றி இருவருக்கும். இதையும் சொல்லுங்கள்: கையில் 9-9, ஃப்ளாப்பில் 9, 6 இரண்டும் ஆட்டின், கூட ஒரு கிளாவர் ராஜா. டர்னில் சம்பந்தமில்லாத 2. எதிராளி ஃப்ளஷுக்கு (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) காத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. நடுவில் 40.

பாலக்கோடு தக்காளி:
இங்கே ஒளிக்கவே கூடாது. அவருக்கு 9 ஆட்டின் சீட்டு பாக்கி, ஒரே சீட்டு வர இருக்கிறது, அதிகபட்சம் 20 சதவீதம். நீங்கள் 8 வைத்தால் அவர் 56க்காக 8 கொடுக்கிறார், 14 சதவீதம் இருந்தாலே அவருக்கு லாபம். 20 வைத்தால் அவருக்கு 25 சதவீதம் தேவை, அது அவரிடம் கிடையாது. 30 வைத்தாலும் இந்த ஆட்கள் ஃப்ளஷை விட மாட்டார்கள், கால் பண்ணுகிறவர் என்று தெரிந்தால் 30 வையுங்கள். ரிவரில் இன்னொரு ஆட்டின் விழுந்து அவர் திடீரென்று பெரிதாக ஏற்றினால் அப்போது நிதானமாக யோசியுங்கள்.

அஞ்செட்டி வாசி:
இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏஸ் ஜோடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு ஜோடிதான். ஃப்ளாப் 8-7-6 விழுந்து, சாயங்காலம் முழுக்க வாயே திறக்காதவர் டர்னில் உங்கள் பெட்டுக்கு மேல் மூன்று மடங்கு ஏற்றுகிறார் என்றால் ஏஸைக் கீழே வைக்க மனம் வர வேண்டும். எப்போதும் பிளஃப் அடிக்கிறவர் (கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாக வைத்து மிரட்டுகிறவர்) அதையே செய்தால் கால் பண்ணுங்கள். ஆளைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.

ஓசூர் பஸ்:
இடையில் வருகிறேன். இதைப் பழக ஏதாவது காசு ஆப் சொல்ல முடியுமா அண்ணா?

பாலக்கோடு தக்காளி:
காசு ஆப் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டப்படி ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நடத்துவதற்கு நாடு முழுக்கத் தடை. இலவச சிப்ஸ் ஆப்பில் பழகலாம், ஆனால் அங்கே யாரும் கவிழ்க்கவே மாட்டார்கள், பிளஃப் வேலைக்கு ஆகாது. பலமான கைக்கு எவ்வளவு வைத்தால் கால் வருகிறது என்று பார்க்க மட்டும் அது போதும், அங்கே பாதி பாட் வைப்பதற்குப் பதில் முழு பாட் வைத்துப் பாருங்கள்.