பனிச்சுமையின் கீழ் புவி ஓடு வளையாமல் பெட்டிபோல் இறங்குகிறது: பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். சுமையின் கீழ் புவி ஓடு எவ்வளவு தாழ்கிறது என்று கணக்கிட ஜிஃப்ளெக்ஸ் என்னும் பைத்தான் நிரலைப் பயன்படுத்துகிறேன். பின்னர் இதை நிலஅரிப்பு மாட்யூல் ஒன்றுடன் இணைக்க வேண்டும். சோதனைக்காக, 400 கி.மீ. நீளமுள்ள ஒருபரிமாண வெட்டுமுகத்தின் நடுவில் 100 கி.மீ. அகலமும் 1 கி.மீ. தடிமனும் கொண்ட பனிப்பாளத்தை வைத்தேன். கட்ட இடைவெளி 5 கி.மீ., பாறையின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் 65 கிகாபாஸ்கல், அழுத்தும்போது பக்கவாட்டில் விரியும் அளவான பாய்சான் விகிதம் 0.25, ஓட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலின் அடர்த்தி 3300 (கன மீட்டருக்குக் கிலோகிராம்), வளைந்து சுமையைத் தாங்கும் ஓட்டின் தடிமனான மீட்சித் தடிமன் 30 எனக் கொடுத்திருக்கிறேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பனிக்கு அடியில் எங்கும் ஒரே சீராக 278 மீட்டர் தாழ்வும், பனி முடிந்த அடுத்த கட்டத்திலேயே சுழியமும் கிடைக்கின்றன. இடைவெளியை 2.5 கி.மீ. ஆக்கியும் மாற்றமில்லை. தீர்க்கும் முறையில்தான் கோளாறோ?

பதில் 1

முறையில் கோளாறில்லை, 278 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பனியின் அடர்த்தி 917-ஐ 3300-ஆல் வகுத்து 1000 மீட்டரால் பெருக்கினால் வருவது அதுதான். அதாவது, தகட்டுக்கு (வளையும் ஓட்டுக்கு) வலுவே இல்லாமல், பனி நேராக மேன்டிலின் மேல் மிதக்கிறது. மீட்சித் தடிமனை மீட்டரில் கேட்கும் இடத்தில் கிலோமீட்டர் எண்ணிக்கையான 30-ஐத் தந்திருக்கிறீர்கள். வளைவு விறைப்பு, அதாவது தகடு வளைவதை எதிர்க்கும் வலு, தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், அது 100 கோடி மடங்கு குறைந்துபோயிற்று. 30,000 என்று தந்தால் வளைவின் சிறப்பு நீளம் (வளைவு எவ்வளவு தொலைவுக்குப் பரவும் என்பதன் அளவுகோல்) சுமார் 66 கி.மீ.; 30 என்றால் ஏறத்தாழ 370 மீட்டர் மட்டுமே. அதை 5 கி.மீ. கட்டமும் காணாது, 2.5 கி.மீ. கட்டமும் காணாது.

கேட்டவர்

மிக்க நன்றி. 30,000 என மாற்றியதும் நடுவில் தாழ்வு குறைந்து அழகான கிண்ணம்போல் வந்துவிட்டது. ஆயினும் தகடு வளைவதால் சுமைக்கு வெளியே தரை சற்றே மேலெழ வேண்டிய புடைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இரு முனைகளிலும் இடப்பெயர்ச்சியும் சரிவும் சுழியம் என்று எல்லை நிலையை வைத்திருக்கிறேன்.

பதில் 2

புடைப்பு எழ வேண்டிய இடமே உங்கள் வெட்டுமுகத்தில் இல்லை. இந்தச் சுமைக்கு அதன் உச்சி மையத்திலிருந்து சுமார் 220 கி.மீ. தொலைவில் வரும், உங்கள் எல்லையோ 200 கி.மீ.-இல் தகட்டை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. நீளத்தை 1000 கி.மீ. ஆக்குங்கள், அல்லது வெளியே சுமை இல்லை என்னும் எல்லை நிலையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது நிரலே சுமையற்ற ஓரத்தைச் சேர்த்துக்கொண்டு கணக்கிடும். ஒப்பிட்டுப் பார்க்க: எல்லையற்ற தகட்டுக்கான பகுமுறைத் தீர்வில் (சூத்திரத்தால் நேரடியாகக் கிடைக்கும் விடையில்) மையத் தாழ்வு சுமார் 183 மீட்டர்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் இரண்டு நாட்களைத் தொலைத்திருக்கிறேன். அரிப்பு மாட்யூலுடன் இணைக்கும்போது, அந்தந்த நேரப்படியின் மொத்தச் சுமையை ஜிஃப்ளெக்ஸுக்குத் தந்தால் மொத்தத் தாழ்வுதான் கிடைக்கும். அதை அப்படியே ஒவ்வொரு படியிலும் நில உயரத்துடன் சேர்த்தால், சுமை மாறாமலிருந்தும் 10 படிகளில் தரை 1830 மீட்டர் இறங்கிவிடும். முந்தைய படியின் தாழ்வைச் சேமித்து வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சேர்க்க வேண்டும்.

கேட்டவர்

1000 கி.மீ. வெட்டுமுகத்தில் மையத் தாழ்வு 183 மீட்டருக்கு மிக அருகில் வந்தது. புடைப்பும் ஏழரை மீட்டர் அளவில் எழுந்திருக்கிறது. தாழ்வுடன் ஒரே அச்சில் வரைந்தபோது அது கோட்டின் தடிப்பிலேயே மறைந்துவிட்டதால், தனி அச்சில் பெரிதாக்கித்தான் பார்க்க முடிந்தது.