கலைச்சொல் வேண்டும்: நீதிமன்ற ‘அவமதிப்பு’ சரியான சொல்தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சட்ட மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன்: “சட்டம் சொல்லும் கன்டெம்ப்ட் (contempt) வேறு, அன்றாடப் பேச்சில் வரும் கன்டெம்ப்ட் வேறு.” இரண்டு இடத்திலும் ‘அவமதிப்பு’ என்று போட்டால் வாக்கியமே கவிழ்ந்துவிடுகிறது.

இந்தியாவின் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இதை உரிமையியல் (சிவில்), குற்றவியல் (கிரிமினல்) என இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பதும் நீதி நடப்பதற்குக் குறுக்கே நிற்பதும் குற்றவியல். அங்கே ‘அவமதிப்பு’ ஓரளவு ஒட்டுகிறது. உரிமையியல் பிரிவோ உத்தரவை வேண்டுமென்றே மீறுவது பற்றியது. என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “ஒருவருக்குச் சுவர் எழுப்பக் கூடாது என்று தடையாணை. அவர் நீதிபதியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார். அதே நேரத்தில் வீட்டில் கொத்தனார் நாலாவது வரிசைச் செங்கல்லை வைத்துக்கொண்டிருக்கிறார். இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கோ.

*

கோ. ஐயா,

‘அவ’ வடமொழி முன்னொட்டு. அவமானம் போன்றவை எல்லாம் அந்தக் கூட்டம். நம்மிடம் ‘இகழ்ச்சி’ இருக்கும்போது கடன் எதற்கு? அதிலும் உங்களுக்கு வேண்டிய பொருளே அதில் இருக்கிறது. “இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக” என்ற குறள் பொச்சாவாமை அதிகாரத்தில் வருகிறது. அங்கே இகழ்ச்சி என்பது ஏளனமா? இல்லை, மறதி, கவனமின்மை. உத்தரவைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் அதுதானே. ‘மன்ற இகழ்ச்சி’ என்று துணிந்து எழுதுங்கள்.

நா.

*

நா. ஐயாவின் குறள் அழகானது. ஆனால் அதுவே அவருக்கு எதிராக நிற்கிறது. மறந்துபோனவரைச் சட்டம் இதற்காகத் தண்டிப்பதில்லை, வேண்டுமென்றே மீறியவரைத்தான் தண்டிக்கிறது. மறதி என்பது எதிர்த்தரப்பின் வாதம்!

நான் வழக்காடுகிறவள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் 6 மாதம் வரை வெறுங்காவல், அதாவது கடுங்காவல் அல்லாத சிறை, இருக்கிறது. அவமதிப்பு வழக்கு என்றால் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் புரியும். ‘மன்ற இகழ்ச்சி’ என்று அறிவிப்பு வந்தால் பட்டிமன்றத்தில் யாரையோ பழித்தார்கள் போல என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஆனாலும் கோ. சொல்லும் சிக்கல் உண்மை. நீதிமன்றத்தை இழிவுபடுத்திப் பேசும் குற்றத்தை இங்கிலாந்து 2013இல் நீக்கியது. உத்தரவை மீறினால் அங்கே இன்னும் தண்டனை உண்டு. அப்படியானால் இந்தக் கருத்தின் முதுகெலும்பு மீறல்தான், பழிப்பு அன்று. ‘ஆணைமீறல்’ என்று பிரித்துவிடலாமே?

தே.

*

‘அவமதிப்பு’ வடமொழி என்று நா. அவ்வளவு விரைவாகத் தள்ளவேண்டாம். “அவஞ்செய்வார் ஆசையுட் பட்டு” என்று குறளிலேயே அவம் உண்டு. அவம் + மதிப்பு. மகர ஈறு கெட்டு அவமதிப்பு, நிலம் + மகள் நிலமகள் ஆவதுபோல.

மு.

*

மு., புணர்ச்சி சரி, பொருள் சரியில்லை. அவம் என்றால் வீண். வீணான மதிப்பு எப்படி மதியாமை ஆகும்? நிலமகள் எப்படியும் மகள்தான். அவமதிப்பு மதிப்பாக இருக்கிறதா?

நா.

*

இந்த வேர் ஆராய்ச்சியைத் தனி இழையில் வையுங்கள், எனக்கு நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

தே. அம்மா, ‘ஆணைமீறல்’ எனக்குப் பிடித்திருந்தது. எழுதியும் விட்டேன். பிறகு வரையறையை மறுபடி படித்தேன். நீதிமன்றத்துக்குத் தாமே கொடுத்த உறுதிமொழியை மீறுவதும் இதில் அடங்கும். அங்கே ஆணையே இல்லை, அவர் வாய்ச்சொல் மட்டுந்தான். சொல் குட்டையாகிவிட்டது.

கோ.

*

“பெரியாரைப் பேணாது ஒழுகிற்” என்று தொடங்கும் குறளிலிருந்து ‘பேணாமை’யை எடுக்கலாம். ஆணையையும் பேணவில்லை, கொடுத்த வாக்கையும் பேணவில்லை. உள்ளே என்ன நினைத்தார் என்று கேட்கவேண்டியதில்லை. கும்பிட்டுவிட்டுப் போனவரும் இதில் சிக்குவார். அந்த அதிகாரத்தின் பெயரே ‘பெரியாரைப் பிழையாமை’ என்பதால் ‘மன்றப்பிழைப்பு’ என்றுதான் முதலில் நினைத்தேன். பிழைப்பு இன்று வாழ்வு நடத்துவதாகிவிட்டதால் விட்டேன்.

மு.

*

பேணாமை நல்ல சொல். ஆனால் நோயாளியைப் பேணாமை, குழந்தையைப் பேணாமை என்றுதான் இன்று காதில் விழுகிறது. நீதிமன்றக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கவில்லை போலும் என்று நினைப்பார்கள். இருப்பதையே வைத்துக்கொள்வோம்.

தே.

*

நான்கு பேர் ‘அவமதிப்பு’க்குத் தனிமடல் அனுப்பினார்கள், இருவர் ‘பேணாமை’க்கு. இப்படி அனுப்பிவிட்டேன்: “சட்டம் சொல்லும் அவமதிப்பு, மனத்தில் எழும் இகழ்ச்சி அன்று. ஆணையையோ கொடுத்த வாக்கையோ பேணாமல் வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்பே.” மு.வின் சொல் வினையாக உள்ளே வந்துவிட்டது. நா. ஐயாவின் இகழ்ச்சியும் அன்றாடப் பொருளில் நிற்கிறது. அனைவருக்கும் நன்றி.

கோ.

*

வினையாக வந்தது போதாது. அடுத்த பதிப்பில் தலைப்பாகவே கேட்பேன். அதற்கு முன் ஒன்று: ‘வேண்டுமென்றே’ என்பதைச் சட்டச் சொல்லாக எல்லோரும் ஏற்றுக்கொண்டோமா? ‘மனமறிந்து’ என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

மு.