விவாதம்: அமெச்சூர் கோப்பை வாங்கிய பையன் உடனே தொழிலுக்கு இறங்கலாமா?

ஃபீனிக்ஸ் மாமா:
பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். அக்கா மகனுக்குப் பதினெட்டு வயது, மெட்ரிக் (பள்ளி இறுதி) முடித்துவிட்டான். கோல்ஃபில் மாகாண ஜூனியர் கோப்பை வாங்கியிருக்கிறான். ஆட்டத்திறனை அளக்கும் ஹேண்டிகேப் பிளஸ் இரண்டு, அதாவது பாரைவிட (மைதானத்துக்கு வகுத்த அடிக் கணக்கைவிட) இரண்டு அடி (ஸ்ட்ரோக்) குறைவாக ஆடினால்தான் அவன் கணக்கு நேராகும். பயிற்சியாளரோ இந்த ஆண்டே தென்னாப்பிரிக்கத் தொழில்முறைத் தொடரான சன்ஷைன் டூரின் தகுதிச் சுற்றுக்குப் போகட்டும் என்கிறார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து பாதி உதவித்தொகைக்குக் கடிதம் வந்திருக்கிறது. அக்கா கல்லூரிப் பக்கம், அத்தான் தொழில் பக்கம். தாய்மாமன் சொல்லட்டும் என்று இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். என் மனம் அத்தான் பக்கம் சாய்கிறது. டர்பனில் விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

கேடி மகன்:
மாமா, யோசிக்கவே வேண்டாம், இறக்கிவிடுங்கள். கேரி பிளேயர் 1953-ல் தொழிலுக்கு வந்தபோது வயது பதினேழு. ஊர் மெச்சும் அமெச்சூர் பட்டம் எதையும் அவர் கையில் வைத்துக்கொண்டு வரவில்லை. 1959-ல் பிரிட்டிஷ் ஓபன், மொத்தத்தில் ஒன்பது மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகள்) பட்டம்.

பழைய கதை வேண்டாம் என்றால் ஆல்ட்ரிச் போட்கீட்டரைப் பாருங்கள். 2022-ல் பதினேழு வயதில் பிரிட்டிஷ் அமெச்சூர் கோப்பை. கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. 2024 ஜனவரியில் பஹாமாசில் கார்ன் ஃபெர்ரி டூர் (அமெரிக்காவின் முதன்மைத் தொடரான பிஜிஏ டூருக்கு அடுத்த படி) போட்டியை வென்றார். அந்த டூரில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் வென்றதில்லை. 2025 ஜூனில் டெட்ராய்ட்டில் ராக்கெட் கிளாசிக், பிஜிஏ டூர் வெற்றி, இருபது வயதில். கல்லூரியில் சேர்ந்திருந்தால் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்.

என் அப்பா கேடி, ஆட்டக்காரரின் மட்டைப் பை சுமப்பவர். நான்கடித் தூரத்தில் கிடக்கும் பந்தை அமெச்சூர் பையன் பேசிக்கொண்டே குழிக்குள் தட்டிவிடுவான், அதுவே வீட்டு வாடகை என்றால் மணிக்கட்டு இறுகிவிடும் என்பார். எந்தக் கல்லூரியும் அதற்குப் பாடம் நடத்தாது.

கணக்கு அக்கா:
தம்பி, போட்கீட்டர் கதையில் நடுப்பக்கத்தை விட்டுவிட்டீர்கள். கோப்பை வாங்கிய மறுநாளே அவர் தொழிலுக்குப் போய்விடவில்லை. அந்தக் கோப்பை பிரிட்டிஷ் ஓபன், மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன் ஆகிய மேஜர்களின் கதவைத் திறக்கும். அமெச்சூராக நீடித்தால்தான் மாஸ்டர்ஸ் அழைப்பு செல்லுபடியாகும். 2023-ல் மாஸ்டர்ஸையும் யு.எஸ். ஓபனையும் அமெச்சூராக ஆடி முடித்த பிறகே அவர் தொழில்முறை வீரரானார். கையில் இருந்த அழைப்புகளையெல்லாம் செலவழித்துவிட்டு இறங்கியவர் அவர். அவசரக்காரர் என்று அவரைக் காட்டாதீர்கள்.

மாமாவின் மருமகன் கையில் இருப்பது மாகாண ஜூனியர் கோப்பை. பாராட்டுகள். ஆனால் அது எந்தக் கதவையும் திறக்காது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம், பெட்ரோல் அல்லது விமான டிக்கெட், அறை வாடகை, கேடிக்கு வாரக்கூலி. பொதுவாக இரண்டு நாள் முடிவில் கட் (பின்தங்கியவர்களை நீக்குவது) விழும்; கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். கேடிக்கு அப்போதும் கூலி உண்டு. இதை எத்தனை மாதம் தாங்குவது என்று அத்தானிடம் கேட்டீர்களா? ஸ்பான்சர் இருக்கிறார் என்றால், எத்தனை ஆண்டுக்கு, வருமானத்தில் எத்தனை சதவீதத்துக்கு?

இன்னொன்று. 2022 ஜனவரியிலிருந்து அமெச்சூர் விதிகள் தளர்ந்துவிட்டன. அமெச்சூராக இருந்துகொண்டே ஸ்பான்சர் பணமும் விளம்பரப் பணமும் வாங்கலாம். ஹேண்டிகேப் சலுகை இல்லாத போட்டிகளில் பரிசுக்கு மட்டும் ஆயிரம் டாலர் உச்சவரம்பு. பணம் வேண்டும், அதனால் தொழிலுக்குப் போகிறோம் என்ற பழைய வாதத்தில் இன்று பாதி உதிர்ந்துவிட்டது.

ஜோபர்க் புதியவர்:
அக்கா சொல்வதே சரி. கிறிஸ்டோ லாம்ப்ரெக்ட்டை யாரும் சொல்லவில்லையே? ஆறடி எட்டு அங்குலம். ஜார்ஜியா டெக் கல்லூரியில் படித்துக்கொண்டே 2023-ல் பிரிட்டிஷ் அமெச்சூர் வென்றார். அடுத்த மாதமே ஹொய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் முதல் நாள் ஆட்டத்தை 66 அடிகளில் முடித்தார். டாமி ஃபிளீட்வுட், எமிலியானோ கிரில்லோ ஆகியோரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மாணவர் ஐயா, மாணவர்! நல்ல மைதானம், பயிற்சியாளர், உடற்பயிற்சிக்கூடம், போட்டிக்குப் போட்டி, எல்லாம் கல்லூரிச் செலவில். மதுரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த எனக்கே பொறாமையாக இருக்கிறது.

கேடி மகன்:
கல்லூரி முடித்த பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். கல்லூரி வீரர்களுக்கான பிஜிஏ டூர் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கு மட்டுமே நேரடி அட்டை, அதாவது அந்த டூரில் ஆடும் உரிமை. 2024-ல் லாம்ப்ரெக்ட் இரண்டாமிடம். போய்ச் சேர்ந்தது கார்ன் ஃபெர்ரி டூருக்கு. தன்னைவிட மூன்று வயது இளையவரான போட்கீட்டர் அதே ஆண்டுத் தொடக்கத்தில் வென்றுவிட்ட அதே டூர்!

ஜோவன் ரெபுலாவையும் பாருங்கள். 2018-ல் அதே அமெச்சூர் கோப்பை, ஆபர்ன் கல்லூரி, போதாக்குறைக்கு மேஜர் வென்ற எர்னி எல்ஸ் தாய்மாமன். இத்தனை இருந்தும் இதுவரை மேஜர் பட்டம் ஏதும் இல்லை.

கணக்கு அக்கா:
தாய்மாமன் இருந்தால் மொய் வரும், பட்டிங் (பந்தைக் குழிக்குள் தட்டும் திறமை) வராது. (ஃபீனிக்ஸ் மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அந்தத் தாய்மாமன் கதையையே எடுங்கள். 1984-ல் உலக ஜூனியர் போட்டியில் ஃபில் மிக்கல்சனைத் தோற்கடித்தவர் எல்ஸ். தொழிலுக்கு வந்தது 1989. முதல் மேஜர் 1994 யு.எஸ். ஓபன். ஜூனியர் கோப்பைக்கும் மேஜருக்கும் நடுவே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுச் சோற்றுக்கு வழி என்ன என்பதுதான் என் கேள்வி.

ரிசர்வாயர் ஹில்ஸ் ஐயா:
பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். 1959 என்று சொன்னதும் பிளேயரின் பெயர் மட்டும் வருகிறது. அதே 1959-ல் நம் ஊர் பாப்வா சீவ்கோலம் டச்சு ஓபன் வென்றார். பீச்வுட் மைதானத்தில் மட்டைப் பை சுமந்தவர். வலக்கை ஆட்டக்காரர் எல்லாரும் இடக்கையை மேலே வைத்துப் பிடிப்பார்கள். அவர் பிடியில் வலக்கை மேலே, இடக்கை கீழே. சொல்லித்தர ஆள் இல்லாமல் தானாகப் படிந்த பிடி. அதை மாற்றச் சொல்லாமல் ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனவர் அவருடைய முதலாளி கிரகாம் வுல்ஃப், ஓலே களிம்பை உருவாக்கியவர். 1960-லும் 1964-லும் மறுபடி டச்சு ஓபன்.

1963-ல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் வென்றார். கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவருக்கு அனுமதி கிடையாது. மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே மற்றவர்கள், வெளியே நனைந்தபடி நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார் வென்றவர். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965-ல் அதே நேட்டால் ஓபனில் கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளினார். அடுத்த ஆண்டே வெள்ளையர் போட்டிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. 1978-ல் ஏழையாகவே போய்ச் சேர்ந்தார்.

கேடி மகன் தம்பி, பிளேயர் பதினேழில் இறங்கினார், எனவே எல்லாரும் இறங்கலாம் என்கிறீர்கள். பிளேயர் இறங்கிய குளத்தில் பாப்வாவைக் கால் நனைக்க விடவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேடி மகன்:
ஐயா, பாப்வாவை எனக்கு நீங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அவர் பெயரைக் கேட்டே வளர்ந்தவன். ஆனால் உங்கள் கதை என் பக்கம்தான் பேசுகிறது. அவருக்குக் கல்லூரி இல்லை, அமெச்சூர் ஏணி இல்லை. நேரே களத்தில் இறங்கினார், வென்றார்.

ரிசர்வாயர் ஹில்ஸ் ஐயா:
வழி இல்லாதவன் நீந்திக் கடந்தான் என்பதற்காகப் பாலம் இருக்கிறவனையும் ஆற்றில் தள்ளுவீர்களா? பாப்வாவுக்கு எந்த வழியும் விடப்படவில்லை, அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக அவரைக் கூப்பிடாதீர்கள்.

சொல்வதானால் டிலன் நாயுடுவைச் சொல்லுங்கள். 2025 மார்ச் 2, அதே டர்பன் கண்ட்ரி கிளப். மழையால் தென்னாப்பிரிக்க ஓபன் 54 குழிகளாகச் சுருங்கியது. லாரி கேன்டரோடு சமநிலை, பிளே-ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) வெற்றி, அந்த ஆண்டு போர்ட்ரஷில் நடந்த பிரிட்டிஷ் ஓபனுக்கும் இடம். நம் நாட்டு இந்தியர் ஒருவர் அந்தக் கோப்பையை வாங்கியது அதுவே முதல் முறை. (நாயுடு என்றால் தமிழா தெலுங்கா என்ற பட்டிமன்றத்தை யாரும் இங்கே தொடங்க வேண்டாம், நான் வெளியேறிவிடுவேன்.) இருபதில் ஜொலித்தவர் அல்லர் அவர், இருபத்தேழு வயதில் வென்றார். அதுவரை வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஜோபர்க் புதியவர்:
நடுவில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் விதிப்படி தகுதிச் சுற்றில் அமெச்சூராகவே ஆடலாம். ஆடியதாலேயே அமெச்சூர் தகுதி போய்விடாது. தொழில்முறை வீரராக ஆடும்போதோ, வரம்பை மீறிப் பரிசுப் பணம் வாங்கும்போதோ போகும். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்புக்குத் தனி விதிகள் உண்டு. அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

கேடி மகன்:
ஆடிப் பார்க்கலாம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தகுதி பெற்றுவிட்டால்? அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு விமானம் ஏறுவானா?

கணக்கு அக்கா:
தகுதி பெற்றால் அவன் ஆட்டம் எந்தத் தரம் என்று தெரிந்துவிடும், அப்போது நானே உங்கள் பக்கம் வருகிறேன். பெறாவிட்டால் கல்லூரிக் கடிதம் கிழிபடாமல் இருக்கும். மாமா, அந்த ஸ்பான்சர் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

ஃபீனிக்ஸ் மாமா:
நேற்று இரவு ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன் அக்கா. பயிற்சியாளர் ஐந்து ஆண்டுக்குப் பரிசுப் பணத்தில் பங்கு கேட்கிறார். ஸ்பான்சர் போட்ட பணம் முழுவதும் திரும்பிய பிறகே பையனுக்குக் காசு. அத்தான் இதைக் கையெழுத்திடும் நிலையில் வைத்திருந்தார். பையனைக் கேட்டேன். தகுதிச் சுற்று ஆட வேண்டும், ஆனால் கையெழுத்து வேண்டாம் என்கிறான். வீட்டில் அவனிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. பெயர்களை மறைத்து ஒப்பந்தத்தை உங்களுக்கு அனுப்புகிறேன்.

கணக்கு அக்கா:
அனுப்புங்கள். அத்தானின் பேனாவை அதுவரை ஒளித்துவையுங்கள்.

கேடி மகன்:
சீக்கிரம் பாருங்கள் அக்கா. தகுதிச் சுற்றுக்குப் பதிவு மூடிவிட்டால் நீங்கள்தான் ஜெயித்ததாக ஆகிவிடும், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.