தங்கச்சிமடம் வீட்டுக் கேமரா

மதினி: நேற்று ராத்திரி பத்தரைக்கு முற்றத்துக் கேமரா தானாகத் திரும்பியது. கட்டிலில் படுத்திருந்த அப்பத்தா கிர்ரென்ற சத்தம் கேட்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நீங்கள் திருப்பினீர்களா?

துபாய் அண்ணன்: நான் டியூட்டியில் இருந்தேன்.

சித்தப்பா: கச்சான் காற்றுக்கு அசைந்திருக்கும். யாராவது பார்த்தாலும்தான் என்ன, நெத்திலி காயப்போட்டிருக்கிறோம், வேறென்ன இருக்கிறது?

நான்: காற்றுக்கு மோட்டார் சுற்றாது சித்தப்பா. ஆள் அசைந்தால் தானாகத் திரும்பும் வசதி ஓடியிருக்கலாம். அண்ணே, அதை உங்களால் நிறுத்த முடிகிறதா?

துபாய் அண்ணன்: அந்த செட்டிங்கே எனக்கு வரவில்லை. உரிமையாளரைக் கேட்கச் சொல்கிறது.

நான்: அதுதான் விஷயம். மாட்ட வந்த கடைத் தம்பி தன் மெயிலில்தான் கணக்குத் திறந்தார். படம் கம்பெனி சர்வருக்குப் போய்த்தான் உங்கள் போனுக்கு வருகிறது, அங்கே அவர்தான் உரிமையாளர், அவர் நினைத்தால் பார்க்கலாம், திருப்பலாம், இன்னொருவருக்கும் கொடுக்கலாம். அவர் செய்தார் என்று சொல்லவில்லை, ஆனால் நம் முற்றத்துச் சாவி அவரிடம் ஏன் இருக்க வேண்டும்? பாஸ்வேர்டும் 12345. திருட ஒன்றும் இல்லாவிட்டாலும் கேமராவே சிலருக்கு வேண்டும் சித்தப்பா. 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களாகத் தேடிப் புகுந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு இன்டர்நெட் கம்பெனி மேல் ஏவிவிட்டதில் அமெரிக்காவில் பலருக்கு டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் திறக்கவில்லை.

சித்தப்பா: அவ்வளவு தூரத்துக்கா?

நான்: மீன்பாடு கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைக்கிறீர்களே, அதைப் பக்கத்துப் படகுக்காரரிடம் காட்டுவீர்களா?

சித்தப்பா: உயிர் போனாலும் காட்டமாட்டேன்.

நான்: அப்பத்தா படுக்கிற இடம் அதைவிட லேசா?

சித்தப்பா: சரிம்மா, என்ன செய்யணும்?

நான்: கடைத் தம்பிக்குப் போன் போட்டு, கேமராவை அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அவர் நீக்காவிட்டால் ரீசெட் செய்தாலும் சில கேமரா புதுக் கணக்கை ஏற்காது. அப்புறம் மதினி மெயிலில் புதுக் கணக்கு, வேறு பாஸ்வேர்ட், நுழையும்போது ஓடிபி கேட்கிற மாதிரி.

துபாய் அண்ணன்: பணம் கட்டியது நான், என் பேரில் இருக்கலாமே.

நான்: வீட்டில் இருப்பது மதினியும் அப்பத்தாவும் அண்ணே. மாட்டும்போது அப்பத்தாவை ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

துபாய் அண்ணன்: சரி. அவள் பேரிலேயே இருக்கட்டும்.

மதினி: இப்போது கேட்டேன். வாசலைப் பார்க்கட்டும், முற்றம் வேண்டாம் என்கிறது. பேரனுக்குத் தன்னைப் பார்க்கணும்னா வீடியோ கால் போடட்டும், நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்காருகிறேன் என்றது.

சித்தப்பா: சாயங்காலம் ஏணியோடு வருகிறேன். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வை.

மதினி: ராத்திரியே பிடுங்கிவிட்டேன் மாமா.