பேச்செல்லாம் தன்னைச் சுற்றியே இருக்க வேண்டும் என்கிற அறைத்தோழி

என் அறைத்தோழிக்கு வயது 29. இரண்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். யார் எதைப் பேசினாலும் பேச்சு அவளிடமே வந்து நிற்க வேண்டும். எனக்குத் தலைவலி என்றால் அவளுக்கு அதைவிடப் பெரிய தலைவலி வந்துவிடும். போன மாதம் என் பதவி உயர்வைச் சொன்ன இரவு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு அழுதாள். காரணம் இன்றுவரை தெரியாது. தனியாக இருக்கும்போது நல்லவள்தான். மூன்றாவது ஆள் வந்தால் நாடகம் தொடங்கிவிடும்.

முதலில் தாராளமாகப் பாராட்டிப் பார்த்தேன். பசி கூடியதே தவிர அடங்கவில்லை. பிறகு மூன்று வாரம் கண்டுகொள்ளாமல் இருந்தேன், ஆர்ப்பாட்டம் இரட்டிப்பானது. கவனிப்பை நிறுத்தினால் இந்தப் பழக்கம் குறைவதற்கு முன் சில காலம் கூடலாம் என்பது உளவியலில் தெரிந்த விஷயம். நடுவில் நானே தளர்ந்துபோய்ச் சமாதானம் பேசியதுதான் தவறோ என்னவோ. ஒருமுறை நேரடியாகவும் சொன்னேன். "உனக்குப் பொறாமை" என்றாள்.

நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். அது மருத்துவர் வேலை. வீடு மாற இன்னும் ஏழு மாதம் ஆகும்.

அமைதியாக இருக்கும்போது மட்டும் கவனித்து, ஆர்ப்பாட்டத்தின்போது விலகியிருப்பதை விடாமல் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா, எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது?