வின் பண்ணாலும் 5 பாயிண்ட் தான் ஏறுது, ஏன்? (அவசரம்)

சும்மா_ஒருத்தன்:
ப்ரோஸ் அவசர உதவி. ரேட்டிங் சரியா வரமாட்டேங்குது. சில மேட்ச்ல வின் பண்ணா 16 ஏறுது, அது ஓகே. சில மேட்ச்ல வெறும் 5 தான் ஏறுது, தோத்தவங்களுக்கும் அதே 5 தான் குறையுது. ரெண்டு டீமும் கிட்டத்தட்ட ஒரே லெவல். மூணு நாளா மண்டைய ஒடச்சிட்டு இருக்கேன், நாளைக்கு அடுத்த ரவுண்ட் வேற, அதுக்குள்ள சரி பண்ணியே ஆகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

ரவுட்டர்_ராஜா:
எந்த கேம்? எந்த சர்வர்? பிங் (நெட் தாமதம்) எவ்ளோ? வைஃபையா கேபிளா?

ஜிஜி_சொல்லி:
எந்த கேம்னு சொல்லாம என்னத்த சொல்றது நண்பா

ரேங்க்_குரு:
இந்தக் கேள்வி இங்க மாசத்துக்கு நாலு தடவ வருது. தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. சரி, கடைசி தடவையா சொல்றேன். நீங்க பாக்குற ரேங்க் வேற, உள்ள ஓடுற எம்எம்ஆர் (யாரோட யார மோத விடலாம்னு பாக்க கேம் வெச்சிருக்கிற ரேட்டிங்) வேற. வெளிய காட்டுற ரேங்க் உங்க மறைமுக எம்எம்ஆர விட மேல இருந்தா, ஜெயிக்கும்போது கம்மியா குடுத்து தோக்கும்போது நிறைய புடுங்கி கீழ கொண்டு வரும். அர்த்தம் என்னன்னா, நீங்க உங்க தகுதிக்கு மேல ஒக்காந்துட்டு இருக்கீங்க. சிஸ்டத்த குறை சொல்லாம ஆட்டத்த முன்னேத்துங்க தம்பி.

சந்தேகப்பிராணி:
அதெல்லாம் கதை. லூசர்ஸ் க்யூன்னு ஒண்ணு இருக்கு, நாலு மேட்ச் ஜெயிச்சா அஞ்சாவதுல வேணும்னே மொக்க டீம் போடுவான். 2017 அக்டோபர்ல ஆக்டிவிஷன்ங்கிற கேம் கம்பெனிக்கு ஒரு பேட்டன்ட் கெடச்சுது தெரியுமா, கேமுக்குள்ள பொருள் வாங்க வைக்கிற மாதிரி மேட்ச் போடுறது எப்படின்னு. அதே வருஷம் ஈஏங்கிற இன்னொரு கேம் கம்பெனி ஆளுங்க ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினாங்க, சமமான மேட்ச் போடுறத விட ஆள் வெளிய போகாம பாத்துக்கிற மேட்ச் போடணும்னு. அதுக்கப்புறமும் நம்ம ஆளுங்க எம்எம்ஆர் எம்எம்ஆர்னு பஜனை பாடுவாங்க.

ரேங்க்_குரு:
அந்த பேட்டன்ட எந்த கேம்லயும் போடலன்னு அந்த கம்பெனியே சொல்லிருச்சு. அந்தக் கட்டுரைல இருக்கிறது சிமுலேஷன். பாதி படிச்சிட்டு வர்றவங்களோட பேச எனக்கு நேரம் இல்ல.

சந்தேகப்பிராணி:
கம்பெனியே சொல்லிருச்சாம் 😂

கணக்குப்பிள்ளை:
சும்மா_ஒருத்தன், ஒரு விஷயம் இடிக்குது. நீங்க ஜெயிச்சா உங்களுக்கு 5, அதே மேட்ச்ல தோத்தவங்களுக்கும் 5 குறையுதுன்னு சொல்றீங்க. எதிர் டீமோட பாயிண்ட் எவ்ளோ குறைஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான கேம்ல அத காட்ட மாட்டானே.

சும்மா_ஒருத்தன்:
ஐயோ நான் ஆடுறவன் இல்லங்க. லேடர் (ரேட்டிங் பட்டியல் போட்டு நடத்துற போட்டி) நடத்துறதே நான் தான். ஆன்லைன்ல பழக்கமான ஆளுங்க 40 பேர், 5 வெர்சஸ் 5, வாராவாரம் மேட்ச், ரேட்டிங் எல்லாம் என் ஸ்ப்ரெட்ஷீட்ல தான் போடுறேன். எந்த கேம்னு சொன்னா இங்க அதுக்கு வேற சண்ட வரும், அது முக்கியமில்ல

ஜிஜி_சொல்லி:
அடப்பாவி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே 😭 இவ்ளோ நேரம் குரு யாருக்கு பாடம் எடுத்தாரு

ரவுட்டர்_ராஜா:
அப்போ பிங் கேட்டது வேஸ்ட்டா

ரேங்க்_குரு:
கேள்வி தெளிவா இருந்தா பதில் தெளிவா இருக்கும். ஸ்ப்ரெட்ஷீட்ல எலோ ரேட்டிங் முறை போட்டா இப்படித்தான் ஆகும். டீம் கேமுக்கு எலோ ஒத்து வராது, அது ஆர்பட் எலோ செஸ்ஸுக்குன்னு ஒண்ணுக்கு ஒண்ணா போட்டது. ட்ரூஸ்கில் இல்லன்னா க்ளிக்கோ 2ன்னு வேற ரேட்டிங் முறை போடுங்க. க்ளிக்கோல ஒரு ஆளோட ரேட்டிங் எவ்ளோ நம்பகமானதுன்னு தனியா ஒரு எண் இருக்கும், ரொம்ப நாள் ஆடாம இருந்தா அது பெருசாகும். உங்க ஷீட்ல அதெல்லாம் இருக்காது.

கணக்குப்பிள்ளை:
குரு சொல்றது தப்பில்ல, ஆனா நாளைக்குள்ள அவர் சிஸ்டத்தயே மாத்த முடியாது. கே (ஒரு மேட்ச்ல அதிகபட்சமா கைமாறுற பாயிண்ட்) எவ்ளோ வெச்சிருக்கீங்க, 32ஆ? ஆரம்ப ரேட்டிங்? டீம் ரேட்டிங்க எப்படி எடுக்குறீங்க?

சும்மா_ஒருத்தன்:
கே 32. எல்லாரும் 1500ல ஆரம்பிச்சாங்க. 5 பேர் ரேட்டிங்கயும் கூட்டி 5ஆல வகுக்குறேன். நாலு வாரம் தான் ஆகுது அதனால எல்லாரும் இன்னும் 1500 பக்கத்துலயே தான் இருக்காங்க, அதான் சொன்னேன் ஒரே லெவல்னு. ஒரு மேட்ச்ல 27 ஏறுச்சு, ஆனா அது வேற பக்னு (ஷீட்ல இருக்கிற பிழை) நெனைக்கிறேன் அத அப்புறம் பாத்துக்கலாம்

கணக்குப்பிள்ளை:
27ஆ! இத ஏன் முன்னாடியே சொல்லல? 5ம் 27ம் கூட்டுனா 32. அது வேற பக் இல்ல, அதே பக்கோட இன்னொரு பக்கம்.

பொறுமையா படிங்க. எலோல எவ்ளோ பாயிண்ட் கைமாறணும்ங்கிறத முடிவு பண்றது, மேட்சுக்கு முன்னாடி அந்த டீம் ஜெயிக்க எவ்ளோ வாய்ப்பு இருந்துச்சுங்கிற கணக்கு. சமமா இருந்தா பாதிக்குப் பாதி, 32ல பாதி 16. 200 வித்தியாசம்னா மேல இருக்கிற டீமுக்கு 76 சதவீதம், ஜெயிச்சா 8 தான். 300 வித்தியாசம்னா 85 சதவீதம், ஜெயிச்சா 5 தான். கீழ இருக்கிறவன் ஜெயிச்சுட்டா 27. அப்போ உங்க ஷீட்டு அந்த மேட்ச்ல எல்லாம் ரெண்டு டீமுக்கும் நடுவுல 300 வித்தியாசம்னு நம்புது. 300 எங்கிருந்து வரும்? 1500 பை 5. எங்கயோ ஒரு ஆள் பூஜ்யமா உக்காந்திருக்கான். அந்த மேட்ச்ல எல்லாம் ஒருத்தன் வரலையா?

சும்மா_ஒருத்தன்:
இருங்க பாக்குறேன்

சும்மா_ஒருத்தன்:
ஆமாங்க!! 5 வந்த 6 மேட்ச்லயும் தோத்த டீம்ல ஒருத்தன் வரல, 4 பேரா தான் ஆடுனாங்க. வராதவன் பேர போடாம அந்த செல்ல காலியா விட்டுருவேன். 27 வந்த மேட்ச்ல 4 பேரா ஆடி ஜெயிச்சாங்க. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க

கணக்குப்பிள்ளை:
சராசரி எடுக்கிற ஃபங்ஷன் காலி செல்ல விட்டுட்டு மிச்ச பேர மட்டும் எண்ணும். நீங்க கூட்டி 5ஆல வகுத்ததால காலி செல் பூஜ்யமாச்சு. மொத்த டீமும் வராத மேட்ச் ஏதாவது இருந்துச்சா? அதுல என்ன வந்துச்சு?

சும்மா_ஒருத்தன்:
ரெண்டு இருக்கு. ஃபுல் ஃபார்ஃபிட். அதுல 0 ஏறுச்சு. ஆடவே இல்லையே, 0 தான் வரணும்னு விட்டுட்டேன்

கணக்குப்பிள்ளை:
😄 விடை சரி, வழி தப்பு. டீம் சராசரி 0, எதிர்ல 1500, அதனால ஜெயிக்கிறது நிச்சயம்னு நெனச்சு ஒண்ணும் குடுக்கல. செஸ்லயும் உலக சங்கமான ஃபிடேயோட விதி அதுதான், ஆடாத ஆட்டத்த ரேட்டிங்ல சேக்க மாட்டாங்க, ரெண்டு பேரும் ஒரு நகர்த்தலாவது வெச்சிருந்தா தான் கணக்கு. போட்டி டேபிள்ல பாயிண்ட் கெடைக்கும், ரேட்டிங் அசையாது. அந்த ரெண்டையும் பிரிச்சு வெச்சுக்கோங்க.

ரேங்க்_குரு:
நான் முதல்லயே எலோ டீமுக்கு ஒத்து வராதுன்னு சொன்னேன்.

ஜிஜி_சொல்லி:
நீங்க மொதல்ல சொன்னது தகுதிக்கு மேல ஒக்காந்துட்டு இருக்கீங்கன்னு 🙏

கடைசிவரை:
எனக்கு ஒரு சந்தேகம். இந்த பிழைய ஏன் சரி பண்ணணும்? ஒரு ஆள் கம்மியா ஆடி தோத்தவனுக்கு 5 தான் போகுது, அவன் பண்ணாத தப்புக்கு 16 போறத விட இது நியாயம். ஆள் கம்மியான டீம அடிச்சவனுக்கும் 5 போதும், அதுல என்ன பெருமை. 4 பேரா நின்னு ஜெயிச்சவனுக்கு 27, குடுக்கலாம் தாராளமா. கடைசி வரைக்கும் ஆடுறவனுக்கு மரியாத குடுக்குற ஒரே சிஸ்டம் இந்த பக் தான்.

ஜிஜி_சொல்லி:
கடைசி வரைக்கும் ஆடுறதுல என்ன மரியாத இருக்கு. செத்த மேட்ச அரை மணி நேரம் இழுத்துட்டு 10 பேர் நேரத்த வீணாக்குறது தான் நடக்குது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல 20 நிமிஷத்துக்கு அப்புறம் 5ல 4 பேர் ஓட்டு போட்டா சரண்டர், முடிஞ்சுது, அடுத்த மேட்ச்.

கடைசிவரை:
டோட்டா 2ல தனித்தனியா க்யூ போட்டு வந்தா சரண்டர் ஓட்டே கெடையாது, 5 பேரும் ஒரே பார்ட்டியா வந்தா தான் ஜிஜி சொல்லி தோல்விய ஒத்துக்க முடியும். அங்க எத்தன மேட்ச் கடைசில திரும்பியிருக்குன்னு பாத்தவனுக்குத் தெரியும். ஓட்டு பட்டன் இருந்தாலே ஒருத்தன் 8வது நிமிஷத்துலயே மனசு விட்டுட்டு மத்தவன் ஒத்துக்குற வரைக்கும் நடுவுல நின்னு டான்ஸ் ஆடுவான்.

ஜிஜி_சொல்லி:
பட்டன் இல்லன்னா அதே ஆள் பேஸ்ல நின்னு டான்ஸ் ஆடுவான். மனசு விட்டவன எந்த விதியும் ஆட வைக்காது. ஆனா மனசு விடாத மிச்ச 4 பேரயும் ஏன் கட்டி வைக்கணும்? அதே டோட்டால கூட ஒருத்தன் அபாண்டன் பண்ணிட்டா (பாதில ஓடிட்டா) மிச்சவங்க தண்டனை இல்லாம வெளிய போகலாம்னு மெசேஜ் வருதுல்ல.

ரவுட்டர்_ராஜா:
யாராச்சும் நெட் போனவன பத்தி யோசிச்சீங்களா? ஓடிப்போனவனும் கேபிள் புடுங்குனவனும் சர்வருக்கு ஒரே மாதிரி தான் தெரியும். அதான் நான் மொதல்ல பிங் கேட்டேன்.

கடைசிவரை:
நீங்க எதுக்கும் பிங் தான் கேப்பீங்க

கணக்குப்பிள்ளை:
இழைக்குத் திரும்புவோம். கடைசிவரை சொன்னது நல்ல கேள்வி, ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. நாளைக்கு பலமான டீமோட மேட்ச், தோக்கப் போறோம்னு தெரியுது. 5 பேரும் போனா 16 கிட்ட போகும். ஒருத்தன வர வேணாம்னு சொல்லிட்டா 5 தான் போகும், அதிர்ஷ்டம் இருந்தா 27 வரும். ஆள் கொறஞ்சா லாபம்னு ஒரு விதி இருந்தா நாலு வாரத்துல யாராவது அத மோப்பம் புடிச்சிருவாங்க.

சும்மா_ஒருத்தன்:
புடிச்சிட்டாங்க. அதான் அவசரம்னு சொன்னேன். ரெண்டு வாரமா ஒரே டீம்ல மேட்சுக்கு ஒருத்தனுக்கா நெட் போகுது

ஜிஜி_சொல்லி:
😂😂😂 இதயும் மொதல் போஸ்ட்ல சொல்லல

ரவுட்டர்_ராஜா:
இது நெட் பிரச்சன இல்ல. இந்த ஒரு தடவ ஒத்துக்கிறேன்.

சந்தேகப்பிராணி:
பாத்தீங்களா, மேட்ச்மேக்கிங்க யாராவது ஏமாத்திட்டு தான் இருப்பான்னு சொன்னேன். ஆள் தான் மாறிப்போச்சு

ரேங்க்_குரு:
ட்ரூஸ்கில்ல பாதி நேரம் ஆடுனவனுக்கு பாதி கணக்குன்னு வெயிட் குடுக்கலாம். வராதவனுக்குக் கூட வெயிட் குடுத்து சரியா பண்ண முடியும். நான் சொன்னா கேக்க மாட்டீங்க.

கணக்குப்பிள்ளை:
கேக்குறோம் குரு, ஆனா நாளைக்கு மேட்ச்.

சும்மா_ஒருத்தன், இப்போதைக்கு ரெண்டு வழி. ஒண்ணு, காலி செல்ல வராதவனோட ரேட்டிங்கயே போட்டு 5 பேரா கணக்கு போடுறது. அப்போ டீம் முழுசுக்கும் 16 போகும், டிராமா உடனே நின்னுரும், ஆனா நெஜமாவே நெட் போன அன்னைக்கு மிச்ச 4 பேர் வயித்தெரிச்சல் படுவாங்க. ரெண்டாவது, டீமுக்கு இப்ப இருக்கிற மாதிரியே சலுகை, வராதவனுக்கு மட்டும் தனியா அபராதம். எதுவா இருந்தாலும் 4 பேரா ஆடுறவங்களுக்கு 300 கழிக்கிறது சரியான்னு உங்க பழைய மேட்ச்ச வெச்சே பாக்கலாம். 300ன்னா 100க்கு 15 தடவ 4 பேர் 5 பேர ஜெயிக்கணும். உங்களுக்கு எவ்ளோ?

சும்மா_ஒருத்தன்:
7 மேட்ச் ஆள் கம்மியா நடந்துச்சு, 1 ஜெயிச்சாங்க

கணக்குப்பிள்ளை:
14 சதவீதம். சிரிப்பு தான் வருது. 7 மேட்ச்ச வெச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது, அதுவும் பாதி மேட்ச் வேணும்னே ஆள் கொறச்சது. ஆனாலும் உங்க காலி செல் போட்ட கணக்கு, யோசிச்சு போட்டிருந்தா கூட இவ்ளோ கிட்ட வந்திருக்காது.

கடைசிவரை:
நான் சொன்னேன்ல பக்கே நியாயமா இருக்குன்னு

ரேங்க்_குரு:
தற்செயல நியாயம்னு சொல்றது இந்த இழைல தான் பாக்குறேன்.

ஜிஜி_சொல்லி:
குரு, செஸ்லயும் வேணும்னே தோத்து ரேட்டிங் எறக்குற ஆளுங்க உண்டு தானே, சின்ன பிரிவுல ஆடி பரிசு அடிக்க. அங்க என்ன பண்றாங்க?

ரேங்க்_குரு:
அமெரிக்க செஸ் சங்கத்துல ரேட்டிங்குக்கு ஒரு கீழ் எல்லை வெச்சிருக்காங்க. நிலையான ரேட்டிங் தொட்ட உச்சத்துலருந்து 200 கழிச்சு, நூறுக்கு கீழ்ப்பக்கமா முழுசாக்குவாங்க. 1941 தொட்டவர் 1700க்கு கீழ போக முடியாது. நல்ல கேள்வி கேட்டா நல்ல பதில் வரும், பாருங்க.

ஜிஜி_சொல்லி:
இந்த ஒரு பதிலுக்கு லைக் போட்டுட்டேன் குரு, மனசார

(மறுநாள்)

சும்மா_ஒருத்தன்:
அப்டேட். ஃபார்முலாவ மாத்தல. வராதவனுக்கு மட்டும் தனியா 16 கொறைக்கிறேன்னு குரூப்ல போட்டேன். இன்னைக்கு அந்த டீம்ல 5 பேருக்கும் நெட் சூப்பரா இருந்துச்சு. தேங்க்ஸ் எல்லாருக்கும்

கணக்குப்பிள்ளை:
சந்தோஷம். ஒண்ணு மட்டும், அந்த 16 யாருக்கும் போய் சேரலன்னா மொத்த லேடரோட சராசரி மெல்ல எறங்கிட்டே போகும். பெரிய விஷயமில்ல, மாசத்துக்கு ஒரு தடவ பாத்துக்கோங்க. அப்புறம் ஏற்கனவே நடந்த அந்த 7 மேட்ச், அதுல வராதவங்களுக்கும் பின்னாடி போய் கொறச்சீங்களா, இல்ல இனிமே தானா?

கடைசிவரை:
பின்னாடி போய் கொறைக்கக் கூடாது. விதி வர்றதுக்கு முன்னாடி பண்ணதுக்கு தண்டனையா?

ஜிஜி_சொல்லி:
ரெண்டு வாரம் நடிச்சவனுக்கு ஒண்ணுமே இல்லையா? நல்லா இருக்கே கதை

கணக்குப்பிள்ளை:
சும்மா_ஒருத்தன்? இருக்கீங்களா?

(மூணு வாரம் கழிச்சு)

புதுசு_47:
அண்ணே பழைய இழைன்னு தெரியும் மன்னிச்சிருங்க. எனக்கும் இதே பிரச்சன, ஆனா எனக்கு 5 இல்ல 8 வருது. என்ன பண்ணலாம்

ரேங்க்_குரு:
எந்த கேம், கே எவ்ளோ, டீம்ல எத்தன பேர்னு சொல்லாம எப்படிப்பா.

கணக்குப்பிள்ளை:
கே 32ன்னா, 8க்கு 200 வித்தியாசம். ஆரம்ப ரேட்டிங் 1000, டீமுக்கு 5 பேர், ஒருத்தன் வரல. சரியா?

புதுசு_47:
இல்லண்ணே. 1200, டீமுக்கு 6 பேர்

கணக்குப்பிள்ளை:
1200 பை 6. காலி செல்ல போய் பாருங்க தம்பி.